கொடுத்தாகிவிட்ட பதக்கம்

பதக்கம் அச்சிலிருந்து வரும்போது யாருக்கும் சொந்தமில்லை. அதன் விளிம்பு வழவழவென்று வெறுமையாக இருக்கும். பணிப்பதிவில் கையெழுத்தான பிறகுதான் பொறிப்பவர் அது வந்த பொட்டலத்தின் முத்திரையை உடைத்து, வீரரின் பணி எண்ணை விளிம்பில் வெட்டுவார். அதற்குப் பிறகே அது ஒருவருடையது.

அன்று வந்தது ஒரு முதியவருக்கான வேலை. போரில் காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்து வந்தவர். யாரோ ஓர் எழுத்தரின் கவனக்குறைவால் அவருடைய பதக்கம் பதிவில் ஏறவில்லை. அவர் நடையாய் நடந்து, கிழவரான பிறகுதான் அதைத் திருத்தினார்கள். வாசல் பெஞ்சில் காத்திருந்தார்.

“சட்டையில ஒரு தடவை குத்திப் பாத்துட்டாப் போதும் தம்பி. அப்புறம் எரிச்சாலும் சரி, புதைச்சாலும் சரி,” என்று பொறிப்பவரிடம் சிரித்தார். சிரிக்கும்போதும் அவருடைய கட்டைவிரல் ஆள்காட்டிவிரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

பொறிப்பவர் உள்ளே போய் முத்திரையை உடைத்தார். பதக்கத்தின் விளிம்பில் முதியவரின் எண் ஏற்கெனவே இருந்தது. முகப்பு ஒரே இடத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, மழுங்கத் தேய்ந்திருந்தது.

மேலதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார். “பழசுய்யா இது. எப்பவோ கொடுத்தாச்சு. ஆளுக்கு ஒண்ணுதான்.”

“முத்திரையை இப்பத்தான் சார் உடைச்சேன்.”

“அதை எழுதினா உன்னைத்தான் பைத்தியம்பாங்க. உள்ள வச்சுப் பூட்டு. கொடுத்தாச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடு.”

பொறிப்பவர் வாசலுக்கு வந்து சொன்னார். முதியவர் பெஞ்சிலிருந்து எழுந்தார்.

“கொடுத்தீங்களா? எங்கிட்டயா?” என்று கையை விரித்துக் காட்டினார்.

கையில் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நுனி மட்டும், காலமெல்லாம் பதக்கம் துலக்குகிறவர்களுக்கு ஆவதுபோல், கறுத்துப் போயிருந்தது.