ஆர்லோவின் முதல் புள்ளி

சனிக்கிழமை மாலை வெயில் செம்மண் மோட்டார் பைக் பந்தயத் தடத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பதினான்கு ஓட்டம் முடிந்து, தார்ன்லி அணியும் எதிரணியும் நாற்பத்திரண்டு புள்ளிகளில் சமமாக நிற்கின்றன. இந்த ஆண்டு சொந்த மைதானத்தில் தார்ன்லி ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. கடைசி ஓட்டத்துக்கு இருந்த நல்ல வீரனுக்குத் தோள் பிசகிவிட, ஆர்லோவை இறக்கியிருக்கிறார்கள். வார நாளில் சுவர் பூசப் போகிறவன்; ஓடிய ஓட்டத்தில் எல்லாம் கடைசியாக வந்தவன் அவன். அவனுடைய வண்டியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஹெஸ்டர், ஸ்பேனரை மார்போடு அணைத்துக்கொண்டு வேலியோரம் நிற்கிறாள். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடா மேலே பறக்கிறது. பிரேக் இல்லாத நான்கு வண்டிகள் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு வளைகின்றன. தெறித்த மண் ஜனங்களின் தேநீரில் விழுகிறது. தார்ன்லி கேப்டன் முன்னால் பறக்கிறான். அடுத்து எதிரணியின் இருவர். ஆர்லோ நாலாவது. முதல் மூவருக்கு மூன்று, இரண்டு, ஒன்று எனப் புள்ளி; கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. மூன்றாவதாக வந்தாலே ஆட்டம் தார்ன்லிக்குத்தான்.

"சுவருக்குப் பூச்சு பூசுற நெனப்புலயே ஓட்டுறான் பாரு!" என்கிறார் ஹெஸ்டருக்குப் பக்கத்தில் நிற்கும் டெஸ்மண்ட் கிழவர்.

"வாய மூடிட்டு சிப்ஸத் தின்னுங்க பெரியவரே!" என்கிறாள் ஹெஸ்டர்.

கடைசி வளைவில் ஆர்லோவுக்கு முன்னால் மூன்றாவதாகப் போகிறவன் ஒரு முழம் வெளியே விலகுகிறான். அந்த இடைவெளியில் ஆர்லோ வண்டியைச் செருகுகிறான். அரைச் சக்கரம் முந்திக் கோட்டைத் தாண்டுகிறான். சிப்ஸ் பறக்க, கிழவர் ஹெஸ்டரைக் கட்டிக்கொண்டு குதிக்கிறார். கண்ணாடி முழுக்கச் சேறோடு ஆர்லோ வந்து நிற்கிறான்.

"என்னக்கா, மறுபடியும் கடைசிதானா?"

"மூணாவதுடா! ஜெயிச்சுட்டோம்!"

"மூணாவதா? இன்னொரு தடவ சொல்லு."