பொறுத்திருந்த கதவு

ஒரு காரின் இடது கதவில் மாட்டு வண்டி உரசி ஒடுக்கு விழுந்தது. பெயின்ட் உரிந்த இடத்தில் துரு பிடித்துவிடுமே என்று கதவுக்குப் பயம். காருக்குள் படுத்திருந்த இன்சூரன்ஸ் தாளிடம், "அண்ணே, எனக்குக் கிளெய்ம் கேட்கலாமா?" என்றது.

"இந்தச் சின்ன ஒடுக்குக்கா தம்பி? கேட்காம இருந்தா வருஷா வருஷம் பிரீமியத்துல சலுகை. பெரிய அடி விழட்டும், நானே முன்னால வந்து நிக்கிறேன்."

"கேளுடா! உன் பொறுமைக்கு எவனும் சிலை வைக்க மாட்டான்" என்று சக்கரம் கத்தியது. கதவு அதைக் கலகக்காரன் என்று ஏசிவிட்டு, மூன்று வருஷம் வாய் திறக்கவில்லை. துரு கீல்வரை தின்றது.

ஒருநாள் லாரி மோதியது. ஒற்றைக் கீலில் தொங்கியபடி, "அண்ணே, இப்பவாவது?" என்றது கதவு.

தாள் அதை மேலும் கீழும் பார்த்தது. "இது துருவால விழுந்த கதவு. அப்பவே ஏன் சொல்லலை?"

"நீங்கதானே அண்ணே..."

"நான் சலுகையைச் சொன்னேன். உன் வாயைக் கட்டினேனா?"

பழைய இரும்புக் கடையில் கதவைச் சாய்த்துவைக்கச் சுவரில் இடமில்லை. பொறுமையான கதவுகள் அங்கே ஏற்கெனவே வரிசையாக நின்றன.