ரிப்போர்ட் ஏன் லேட்?

“ரிப்போர்ட் ஏம்மா லேட்டாகுது? ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருந்து ஃபோன் பண்ணி என் மானத்தை வாங்கிட்டாங்க!”

மேனேஜர் வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். ஆபீசில் அவருக்கு ‘மின்னல்’ என்று பெயர். சாப்பாட்டைக்கூட மெல்லாமல் விழுங்குகிற மனுஷன்.

டெஸ்ட் ரிப்போர்ட்டுகளைப் பேஷன்ட்டுகளின் ஃபோனுக்கு அனுப்பும் ஆப்பை எழுதிய டெவலப்பர் எழுந்து நின்றாள். “எல்லாருக்கும் இல்ல சார். சிலருக்கு மட்டும்தான்.”

“அது என்ன ஓரவஞ்சனை? லேப் சர்வீஸ் ஒருத்தனோடது, ரிசல்ட்டை டக்குனு கொடுத்துடுது. மெசேஜ் சர்வீஸ் இன்னொருத்தனோடது, வாங்கினதை டக்குனு அனுப்பிடுது. ரெண்டையும் கோக்கிறதுதான் நம்ம ஆப். நடுவுல நீ என்ன பண்றே?”

“ரிசல்ட் மோசமா இருந்தா மட்டும் முதல்ல டாக்டருக்கு அனுப்பறேன் சார். பேஷன்ட்கிட்ட பேசிட்டேன்னு அவர் பட்டனை அழுத்தினாதான் மெசேஜ் போகும். டாக்டருங்களும் சரின்னாங்க.”

“நம்மகூட ஒப்பந்தம் போட்டது டாக்டரா, நிர்வாகமா?”

“ரிப்போர்ட்டுக்கு உள்ளே என்ன இருக்குன்னு மெசேஜ் சர்வீஸுக்குத் தெரியாது சார். நல்லதோ கெட்டதோ, ஒரே மாதிரி போய் விழும். படிக்கிறவங்க தனியா இருந்தா...”

“தெரியக் கூடாதும்மா! ஒண்ணோட சமாச்சாரத்துல இன்னொண்ணு தலையிடக் கூடாது. அப்பதான் வேணும்கிறதை மாட்டலாம், வேண்டாததைக் கழட்டலாம். இந்தத் தொழிலோட அரிச்சுவடியே அதுதானே? நீ என்னடான்னா நடுவுல உட்கார்ந்து ஊரார் கண்ணீரைத் துடைச்சுட்டு இருக்கே!”

பக்கத்து சீட்டில் கிளுக்கென்று ஒரு சிரிப்பு. அவளுக்கு அவமானமாகப் போய்விட்டது.

“நாளைக்கு வரைக்கும் டைம் கொடுங்க சார். நிர்வாகத்துக்கிட்ட நானே பேசிப் பார்க்கிறேன்.”

“ஒரு பேச்சும் வேண்டாம். இப்பவே அதைக் கழட்டறியா, வேற வேலை தேடிக்கறியா?”

என்ன செய்வாள் பாவம்! கழட்டினாள்.

தேங்கிக் கிடந்த ரிப்போர்ட்டுகள் மளமளவென்று போய்ச் சேர்வதை மின்னல் திரையில் கண்குளிரப் பார்த்தார்.

“பார்த்தியா? இவ்வளவுதான் வேலை! இதுக்குப் போய்...”

அவருடைய செல்ஃபோன் அடித்தது. மனைவி. இருந்த உற்சாகத்தில் ஸ்பீக்கரிலேயே போட்டார்.

“என்னங்க...” பஸ் இரைச்சலுக்கு நடுவே குரல் நடுங்கியது. “கட்டி மறுபடியும் வந்திருக்காம். போன தடவை டாக்டரே கூப்பிட்டு, பக்கத்துல உட்கார வெச்சு, பயப்படாதீங்கன்னு பக்குவமா சொன்னாரே... இந்தத் தடவை ஏங்க நேரா என் ஃபோனுக்கே வந்துடுச்சு?”