விட்ட இடம்

லிசி உருவாக்கிய வரன் தேடும் இணையதளத்தில் ஒரே குறை: எந்தப் பக்கத்திலிருந்து லாகின் செய்தாலும் முகப்புக்கே கொண்டுபோய்விடும். காலையில்தான் தளத்தின் பிஎச்பி நிரலில் நாலு வரி சேர்த்து, ஆட்கள் விட்ட இடத்துக்கே திரும்பிப் போகும்படி மாற்றியிருந்தாள்.

சோபாவில் அப்பா பிலோமின்ராஜ் வழக்கம்போல அந்தத் தளத்தில்தான் மூழ்கியிருந்தார்.

"இன்னுமாப்பா எனக்கு மாப்பிள்ளை தேடுறீங்க?"

"வேற எதுக்கும்மா இதைப் பார்க்கப் போறேன்?"

"சரி, லாகின் பண்ணிக் குடுங்க. ஒண்ணு சரிபார்க்கணும்."

முகப்புதானே வரப்போகிறது என்ற தைரியத்தில், லாகின் செய்த கையோடு திரையைப் பார்க்காமலே போனை நீட்டினார்.

திரையில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தார். பேட்ரிசியா, வயது ஐம்பத்தேழு, ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர், ஸ்ரீரங்கம்.

லிசியின் அம்மா இறந்து ஒன்பது வருஷமாகிறது.

"சரியா வேலை செய்யுதாம்மா?"

"ரொம்பச் சரியா செய்யுதுப்பா."

எட்டிப் பார்த்தவரின் பார்வை தரைக்கு இறங்கியது. "லாகின் பண்ணினாதான் நம்பர் காட்டும்னு போட்டிருந்துச்சும்மா."

லிசி போனை அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"நம்பர் கீழே இருக்குப்பா. நான் காந்தி மார்க்கெட் போயிட்டு வர ஒரு மணி நேரமாகும். நிதானமா பேசுங்க."