யார் வீட்டுக் கதை

"பேரை அடி. அந்தக் கூலிக்காரன் மக பேரை இப்பவே அடி."

மரக்கிடங்கு லிங்கப்பன் இதைத் தமிழில் சொன்னார். கிடங்கில் ஆட்களை விரட்டுவதற்கென்றே அவர் கற்றுக்கொண்ட தமிழ் அது. மோலி டீச்சர் தமிழ்க் குடும்பம்தான் என்றாலும் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் பதில் சொல்பவள். ஆனாலும் அவளுக்கும் அந்தத் தமிழ்தான்.

மோலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்து என்ன செய்ய, பள்ளிக் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். வருகைப் பதிவேட்டை மேஜையில் விரித்தாள்.

சுவரோரம் செல்லக்கண்ணு நின்றாள். மூன்றாம் வகுப்பு. கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளியிலிருந்து பிழைக்க வந்த அய்யாவுவின் மகள். அய்யாவு லிங்கப்பனின் கிடங்கில் மரம் அறுப்பவன். பெயரை அடித்துவிட்டால் அவளுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது, விறகு சுமக்கப் போக வேண்டியதுதான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது.

கொள்ளேகால் சீமை சென்னை ராஜ்யத்திலிருந்து பிரிந்து மைசூரோடு சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. ராஜ்யம் சேர்ந்ததே தவிர, மோலியின் வகுப்பில் பெஞ்சுகள் சேரவில்லை. கன்னடப் பிள்ளைகள் முன்னால், உருதுப் பிள்ளைகள் ஜன்னலோரம், தமிழ்ப் பிள்ளைகள் கடைசியில். ஒருவர் தின்கிற பொரியை இன்னொருவர் தொடமாட்டார்கள்.

அதற்காகத்தான் சனிக்கிழமைக் கதை. வீட்டில் சொல்கிற கதையைப் பெரியவர்கள் யாராவது கன்னடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாத வீடென்றால் தெரிந்தவர்களிடம் கேட்டு வாங்கி வரலாம். பெயர் போடாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். மோலி ஒன்றை எடுத்துப் படிப்பாள். சிரித்து முடித்த பிறகுதான் யார் வீட்டுக் கதை என்று வகுப்பு ஊகிக்கும். உரிய பிள்ளை எழுந்து நிற்கும், எல்லோரும் கை தட்டுவார்கள். பிடித்துப்போன கதையைப் பிறகு வெறுக்க முடியாது என்பது மோலியின் கணக்கு.

போன சனிக்கிழமை கைக்கு வந்தது ஒரு கரடியின் கதை.

கரடியின் வீடு நிறைய மரக்கட்டை. பெண்டாட்டிக் கரடி, தாய்வீட்டுக்குப் போய் வரட்டுமா என்று கேட்கிறது. மழை விடட்டும் என்கிறது கரடி. மழை விடுகிறது. வெயில் தணியட்டும் என்கிறது. வெயில் தணிகிறது, மறுபடியும் மழை வந்துவிடுகிறது. பெண்டாட்டிக் கரடி மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் கதை.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மரக்கட்டை என்றால் அய்யாவு வீடுதான் என்று முடிவுகட்டி, செல்லக்கண்ணு செல்லக்கண்ணு என்று ஒரே கூச்சல். அவள் எழுந்து நின்றாள். மொத்த வகுப்பும் கை தட்டியது. லிங்கப்பனின் மகள் மாதேவியும் அதே வகுப்புதான், அவளும் தட்டினாள். மோலிக்குக் கண் கலங்கிவிட்டது. தமிழ்க் கூலி வீடுகளில் எவ்வளவு நல்ல கதை இருக்கிறது பாருங்கள் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்தாள்.

மறுநாளே தெருப்பிள்ளைகள் கிடங்கு வாசலில் நின்று, "மழை விடட்டும்" என்று கத்திவிட்டு ஓடின. யார் எதைக் கேட்டாலும் லிங்கப்பன் சொல்கிற பதில் அது. அந்தத் தெருவுக்கே மனப்பாடம்.

தன் வீட்டுப் பேச்சை அய்யாவு ஒட்டுக்கேட்டுக் கதை கட்டிவிட்டான் என்று அவர் குதித்தார். அவனை இன்று காலையிலேயே வேலையை விட்டு விரட்டியாயிற்று. எழுதிக் கொடுத்தவன் இவனாகத்தான் இருக்கும் என்று கிடங்குக் குமாஸ்தாவையும் விரட்டியாயிற்று. மிச்சம் இந்தப் பெண் ஒருத்திதான்.

கதை பொய் என்று சாட்சி சொல்வதற்காக மனைவி பசம்மாவையும் கையோடு கூட்டி வந்திருந்தார். வந்ததிலிருந்து அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரமாகவே நின்றாள்.

லிங்கப்பன் பிஸ்கட் டப்பாவிலிருந்து அந்தக் கதைத்தாளை எடுத்து மேஜையில் வீசினார்.

"இவளையே கேளு. எங்க வீட்டுல இப்படி நடக்குதான்னு கேளு."

பசம்மா மேஜைக்கு வந்தாள். தாளை எடுத்தாள். படித்தாள் என்று சொல்ல முடியாது, பார்த்தாள். பிறகு மோலியின் பேனாவை எடுத்து, குனிந்து, கதைக்கு அடியில் நிதானமாக ஒரு வரி எழுதினாள்.

'ஒரு நாள் கரடி கண் விழித்தபோது கதவு திறந்து கிடந்தது.'

மேலே இருந்ததும் கீழே எழுதியதும் ஒரே கையெழுத்து.

மோலி பார்த்தாள். லிங்கப்பனும் பார்த்தார். பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் மனைவியின் எழுத்தை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவள் தாய்வீடு நஞ்சன்கூடு. ரயிலில் ஒரு மணி நேரம்.

செல்லக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், கை தட்டுகிறார்களே என்று எழுந்து நின்ற பிள்ளை. மோலிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, தன்னை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. கூலிக்காரன் வீட்டில்தான் பெண்டாட்டி மூட்டையோடு வாசலில் கிடப்பாள் என்று அவளும்தானே நம்பியிருந்தாள்.

லிங்கப்பன் மனைவியைத் திட்டவில்லை. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. பதிவேட்டைத் தன்னிடம் இழுத்து, செல்லக்கண்ணுவின் பெயரைத் தாண்டிப் போய், மாதேவியின் பெயர்மேல் விரலை வைத்து அழுத்தினார்.

"இதை அடி. பொட்டப்புள்ளைக்கு எழுத்து படிச்சது போதும்."

மோலி தன்னையறியாமல் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

பசம்மா கொடுக்கவில்லை.