கொக்கியில் தொங்கிய சட்டை

மெக்சிகோவில், எங்கள் குவாதலஹாரா நகரத்திலேயே அந்த சலூன் எனக்குப் புதுசு. மறுநாள் கல்யாணம். ஷேவிங் பண்ணி, மீசையை ஒதுக்கிவிடச் சொல்லி உட்கார்ந்தேன்.

கடைக்காரர் ஃபெர்மின் என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, இந்தக் கண்டத்துலயே பெரிய கோப்பை அதிகம் ஜெயிச்ச ஃபுட்பால் கிளப் எது?"

'எங்க ஊர் சீவாஸ்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில், கொக்கியில் தொங்கிய மஞ்சள் சட்டை கண்ணில் பட்டது. எங்கள் ஜென்ம எதிரி, தலைநகரத்து 'அமெரிக்கா' கிளப்பின் சட்டை!

உயிர் முக்கியமில்லையா?

"அமெரிக்காதாண்ணே!"

"அப்ப சீவாஸ்? அந்தக் காலத்துக் கோப்பையெல்லாம் சேத்தா?"

"அதெல்லாம் ஒரு கோப்பையாண்ணே? காபி குடிக்கக்கூட ஆகாது."

கத்தி ஒரு நொடி நின்றது. அப்புறம் விறுவிறுவென்று ஓடியது.

"முடிஞ்சுது தம்பி, எந்திரி."

கண்ணாடியைப் பார்த்து அலறினேன். "அண்ணே, பாதி மீசையைக் காணோமே!"

"அமெரிக்காக்காரனுக்கு நம்ம கடையில அவ்வளவுதான்" என்றபடி, கொக்கியிலிருந்த மஞ்சள் சட்டையை எடுத்துக் கத்தியைத் துடைத்தார் ஃபெர்மின்.