ஆறாவது உருண்டை

"தொடாதம்மா! கையை எடு!"

நிஷிவாகி போட்ட சத்தத்தில் சிகுசாவின் கை தட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. தட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோற்றுருண்டை. வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் ஐந்து பேரும் அதைப் பார்த்தார்கள்.

இன்று ஏழாம் நாள். டோக்கியோ புறநகரில் மூடிப்போன கரோக்கே கடையின் மாடியறை அது. நாலு பேர் உட்கார்ந்து பாட்டுப் பாடுவதற்குக் கட்டிய பொந்தில் ஐந்து பேரை அடைத்திருந்தார்கள். கதவுக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. பின்சுவரில் ஏணி வைத்த ஆபத்துக்கால ஜன்னல் ஒன்று உண்டு. அதை இரும்புத் தகட்டால் மூடி, உள்பக்கமே பூட்டுப் போட்டிருந்தார்கள். டாக்ஸிக்காரர் டோகாஷி இரண்டு நாள் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டியதில் நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

அப்படி என்ன கொலைக்குற்றம் செய்துவிட்டார்கள்? நிஷிவாகி பிளாஸ்டிக் மூடியைத் தனியாகப் பிரிக்காமல், எரிப்பதற்கான குப்பையோடு போட்டார். டோகாஷி தெருக்காரர்களின் காலை உடற்பயிற்சிக்கு மூன்று நாள் மட்டம் போட்டார். சிகுசா அலுவலகத்தில் மேலாளருக்கு முன்னால் கிளம்பிவிட்டாள். ஒசாதாவும் அவர் மனைவியும் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுக்க மறுத்தார்கள். நல்லிணக்க அலுவலகம் இதற்கெல்லாம்தான் ஆள் பிடிக்கிறது.

"அடக்கத்தோடு இருப்பவர்கள் ஏழாம் நாள் வீடு திரும்புவார்கள். உங்கள் ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி." கூரையில் இருந்த ஒலிபெருக்கி மணிக்கொருதரம் குழைந்தது.

அந்தக் குழைவை நம்பித்தான் நிஷிவாகி உயிரோடிருந்தார். வீட்டில் ஒன்பது வயது மகள் கயானோ தனியாக இருக்கிறாள். அவரை விட்டால் அவளுக்கு நாதி கிடையாது.

சாப்பாடு பகல் பன்னிரண்டுக்கு ஒரே வேளை. கதவின் அடியில் அறுத்த ஓட்டை வழியாக ஒரு கை தட்டை உள்ளே தள்ளும். ஐந்து உருண்டைகள் தொழிற்சாலைச் சரக்கு, முக்கோணமாக, பிளாஸ்டிக் தாள் சுற்றி வரும். ஆறாவது மட்டும் தாள் இல்லாமல், கையால் பிடித்தது. விரல் தடம்கூடத் தெரியும்.

தட்டில் கிடக்கும் கடைசி ஒன்றை எடுக்க மானமுள்ள யாருக்குத்தான் கை வரும்? முதல் நாள், "நீங்க எடுத்துக்குங்க", "ஐயோ, நீங்க" என்று அரை மணி நேரம் தட்டு சுற்றிச் சுற்றி வந்து, அப்படியே திரும்பிப் போனது. மறுநாளும் ஆறு வந்தபோதுதான் நிஷிவாகிக்குப் பொறி தட்டியது. இது சோதனை. எடுத்தவன் தொலைந்தான்.

"சார், அஞ்சாப் பிச்சுக்கலாமே. ஆளுக்கு ஒரு வாய்," சிகுசா கெஞ்சினாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பிச்சாலும் எடுத்ததுதானேம்மா. ஆறு நாள் கட்டிக் காத்ததை ஒரு வாய்ச் சோத்துக்காகக் கெடுத்துக்கணுமா? சாயங்காலம் வீட்ல போய் வயிறாரச் சாப்பிடு."

"சார் சொல்றதக் கேளு பாப்பா," என்றார் டோகாஷி. "நானே என் பொண்டாட்டி சமையலுக்கு ஏங்குறேன். நெலமை எவ்வளவு மோசம்னு பாத்துக்கயேன்."

யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. ஒசாதாவின் மனைவி மட்டும் மெல்லச் சொன்னாள்.

"இன்னைக்கு அந்தக் கை உடனே போகலீங்க. இந்த உருண்டை நம்ம பக்கம் வர்ற மாதிரி தட்டைத் திருப்பி வெச்சுட்டுப் போச்சு."

"ஆசை காட்டுறாங்க. வேற என்ன?" என்றார் நிஷிவாகி. ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு தாமே தட்டை ஓட்டை வழியாக வெளியே தள்ளினார். வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் கை அதை இழுத்துக்கொண்டது.

மூன்று மணிக்குக் கதவு திறந்தது. காவலாளி இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான்.

"ரொம்ப சிரமப்படுத்திட்டோம், மன்னிக்கணும். இப்படி வாங்க."

சிகுசா அழுதேவிட்டாள். "நான் சொல்லலை?" என்று அவள் முதுகில் தட்டினார் நிஷிவாகி. ஏழு நாளில் முதல்முறையாக அவருக்கு நெஞ்சு லேசாகியிருந்தது.

கீழே சமையற்கட்டு வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அங்கே ஒரு நடுவயதுப் பெண் தலைகுனிந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தட்டு நீட்டிய கை அவளுடையதாகத்தான் இருக்கவேண்டும். நிஷிவாகி நின்று, குனிந்து வணங்கினார்.

"ஏழு நாளும் சோறு போட்டீங்க. ரொம்ப நன்றிங்க."

அவள் நிமிரவில்லை. நிஷிவாகி நிமிர்ந்தபோது பின்வாசல் தெரிந்தது. வெளியே ஜன்னலே இல்லாத ஒரு லாரி நின்றது. நம்பர் பலகையில் வடக்கே இருக்கும் சுரங்க ஊரின் பெயர். அங்கே போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பியதில்லை என்பது ஊரறிந்த சங்கதி.

"ஐயா... வீட்ல பொண்ணு இருக்கா. ஒம்பது வயசு. தனியா இருக்கா..."

"உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி," என்று புன்னகைத்துவிட்டு, மற்ற நால்வரையும் லாரியில் ஏற்றப் போனான் காவலாளி.

நிஷிவாகி பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். கேட்பதற்கு அந்தப் பெண்ணைத் தவிர அங்கே வேறு யாருமில்லை.

"நாங்க ஒழுங்காத்தானேங்க இருந்தோம்? அந்த ஆறாவது உருண்டையை ஒருத்தர்கூடத் தொடலையே!"

அவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"ஜன்னல் சாவி அதுக்குள்ளதாங்க இருந்துச்சு."